ஆறு மாதம் அங்கை, ஆறு மாதம் இஞ்சை

ஸ்காபரோவில் கலியாண வீடாகட்டும், செத்தவீடாகட்டும், அறுபது தாண்டிய ஆண்கள் நாலு பேர் கூடிவிட்டால் கதை கடைசியில் இதில் வந்துதான் நிற்கும்: "இனி என்ன, பென்சன் எடுத்தாச்சு. ஆறு மாதம் அங்கை, ஆறு மாதம் இஞ்சை." சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். பெண்கள் இருக்கிற மேசையில் இந்தக் கதை இவ்வளவு சுலபமாக எழும்புவதில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

*

1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர்கள் மீட்கப்பட்டார்கள். ஏறக்குறைய அந்தக் காலத்தில் இருபதுகளில் வந்து இறங்கியவர்கள்தான் இன்றைக்குப் பென்சன் வயதில் நிற்பவர்கள். உணவகத்தில் கோப்பை கழுவி, பக்டரியில் இரவு வேலை செய்து, மோட்கேஜ் கட்டி முடித்தவர்கள். யாழ்ப்பாணத்தில் தாய் தகப்பன் வழியிலோ சீதனமாகவோ ஒரு துண்டுக் காணியாவது இருக்கும். இந்தக் குறிப்புகள் அவர்களுக்காக. நானும் அந்தக் கூட்டம்தான்.

*

'ஆறு மாதம்' என்பது நாங்கள் ஆசைப்பட்டு வைத்த கணக்கு என்று நினைக்கிறோம். இல்லை, அரசாங்கம் வைத்த கணக்கு.

ஒன்ராறியோவின் ஹெல்த் காட் கையில் இருக்கவேண்டுமானால் எந்த 12 மாதத்தை எடுத்துப் பார்த்தாலும் 153 நாளாவது மாகாணத்துக்குள் இருந்திருக்க வேண்டும். அதாவது 212 நாள்வரை வெளியே நிற்கலாம். ஏழு மாதம்! ஆறு மாதக்காரருக்கு ஒரு மாதம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் 'எந்த 12 மாதம்' என்பதைக் கவனிக்க வேண்டும். ஜனவரியில் தொடங்கும் கலண்டர் வருடம் அல்ல. மாசியில் மாமி மோசமாகி ஒருமுறை ஓடிப்போய், ஆடியில் நல்லூர்த் திருவிழாவுக்கு இன்னொருமுறை, கார்த்திகையில் குளிருக்குப் பயந்து மூன்றாம் முறை என்று போகிறவருக்கு நாள் எங்கே போனதென்றே தெரியாது. போர்டிங் பாஸ்களை ஒரு கவரில் போட்டு வைப்பது நல்லது.

"ஆருக்குத் தெரியப்போகுது" என்ற பழைய தைரியமும் இனிச் சரிவராது. 2020 நடுப்பகுதியிலிருந்து விமானத்தில் கனடாவை விட்டு வெளியேறுவோரின் விபரமும் எல்லைச் சேவையிடம் சேருகிறது. உள்ளே வருவது மட்டும் பதிந்த காலம் போய்விட்டது.

*

பென்சன். இதில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

சி.பி.பி. என்பது நாங்கள் வேலை செய்து கட்டின காசு. உலகத்தில் எங்கே இருந்தாலும் வரும். ஓல்டேஜ் பென்சன் அப்படியல்ல. அது இருந்த வருடத்துக்குக் கிடைப்பது. 18 வயதுக்குப் பிறகு 40 வருடம் கனடாவில் வாழ்ந்தவருக்கு முழுத்தொகை. குறைந்தால் வருடத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு குறையும். கனடாவில் இருந்துகொண்டு எடுப்பதற்குப் பத்து வருடம் போதும். வெளிநாட்டில் போயிருந்து எடுப்பதற்கு இருபது வருடம் வேண்டும். இருபது இல்லாதவர் புறப்பட்ட மாதம் கழிய ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் நின்றுவிடும். குறைந்த வருமானக்காரருக்கு மேலதிகமாக வரும் ஜி.ஐ.எஸ். யாராக இருந்தாலும் அந்த ஆறு மாதத்தோடு சரி. நாற்பது வருடம் இருந்தவருக்கும் அதே விதி.

இதில் அநியாயமாகப் படுவது ஒன்று உண்டு. 1986இல் வந்தவனுக்கு இருபது வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. அவன் போகலாம், வரலாம். பிள்ளைகள் ஸ்பொன்சர் பண்ணி அறுபது வயதில் வந்து சேர்ந்த அம்மா அப்பாவைப் பாருங்கள். எழுபத்தைந்தில் அவர்களுக்குப் பதினைந்து வருடம்தான். பத்து வருடம் முடிந்த எழுபதில் எடுத்திருந்தால் ஓல்டேஜில் நாற்பதில் பத்துப் பங்குதான், பிறகு இருக்கிற வருடத்துக்கு அது கூடாது. அதற்கு மேல் ஜி.ஐ.எஸ். இரண்டும் கனடாவில் இருந்தால்தான். ஊருக்குப் போய்ச் சாகவேணும் என்று உண்மையாகவே ஏங்குகிற ஆட்கள் அவர்கள். இங்கே பனிக்காலம் முழுக்க பேஸ்மன்ற் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருப்பவர்களும் அவர்கள்தான். போகக்கூடியவனுக்குப் போகும் அவசரம் இல்லை. போகத் துடிப்பவரைக் காசு கட்டி வைத்திருக்கிறது.

அப்படியான ஒரு தகப்பனுக்கு மகன் கணக்கை விளங்கப்படுத்தியபோது நான் பக்கத்தில் இருந்தேன். கிழவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப தம்பி, நான் ஊரிலை மாதம் எவ்வளவிலை சீவிப்பன்?" என்று கேட்டார். மகன் ஒரு தொகை சொன்னான். "அதை நீ அனுப்பிவிடன்" என்றார். மகன் உடனே பதில் சொல்லவில்லை. விதிகளை முழுக்க வாசித்த பிறகும் கடைசிக் கேள்வி அதுதான்.

*

முழுதாகவே போகிறவருக்கு வரி வேறு. கனடாவில் வதியாதவர் என்று ஆனால் பென்சனில் 25 வீதம் பிடிப்பது பொதுவிதி. இலங்கையோடு இரட்டை வரி ஒப்பந்தம் இருப்பதால் அது குறையும். எவ்வளவென்று கணக்காளரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். ரி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கலாம், ஆனால் வெளியே போனபின் அதில் ஒரு சதம்கூடப் போடக்கூடாது; போட்டால் மாதம் ஒரு வீதம் தண்டவரி. ஆறு மாதக்காரருக்கு இந்தத் தலையிடி இல்லை. வீடும் மனைவியும் இங்கே இருக்கும்வரை வரித் திணைக்களத்துக்கு அவர் இங்கத்தைய ஆள்தான்.

*

இன்சூரன்ஸ். ஹெல்த் காட் வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவுக்கு அனேகமாக உதவாது. அவசரத்துக்கு அனுமதித்தால் நாளுக்கு அதிகபட்சம் 400 டொலர், வெளிநோயாளர் பிரிவென்றால் 50 டொலர். ஆகவே பயணக் காப்புறுதி எடுக்க வேண்டும். அதில் சின்ன எழுத்தில் ஒரு சொற்றொடர் இருக்கும்: புறப்படும் திகதிக்கு முந்தைய இத்தனை நாட்களில் உங்கள் நோய் 'மாற்றமில்லாமல்' இருந்திருக்க வேண்டும். சில கொம்பனிக்கு 90 நாள், சிலதுக்கு 180 நாள். பிரஷர்க் குளிசையின் அளவை டொக்டர் போன மாதம் கூட்டியிருந்தால் அதுவும் மாற்றம். குறைத்திருந்தாலும் மாற்றமாக எடுக்கிற கொம்பனி உண்டு. நல்ல நோக்கத்தோடு, "ஊருக்குப் போகமுதல் ஒருக்கா செக்கப் செய்வம்" என்று போய்ப் புதுக் குளிசை ஒன்றோடு திரும்பி வருகிறவர் அந்தக் காப்புறுதியின் பாதியை அங்கேயே தொலைத்துவிடுகிறார். செக்கப் செய்யுங்கள், ஆனால் இளவேனிலில் செய்யுங்கள், விமானம் ஏறும் மாதத்தில் அல்ல.

*

கனடியக் குடியுரிமை எடுத்த அன்றே இலங்கைக் குடியுரிமை போய்விட்டது. இது பலருக்கு இன்னும் ஏறவில்லை. பழைய அடையாள அட்டை மேசை லாச்சிக்குள் கிடப்பதால் நாங்கள் இலங்கையர் ஆகிவிடமாட்டோம். இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். 55 வயது கடந்தவர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. ஆறு மாதத் திட்டம் உள்ளவர் முதலில் செய்யவேண்டிய வேலை இது, வீட்டுப் பிளான் கீறுவதல்ல.

சிக்குவது பெயரில். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். கனடாவில் வந்து இறங்கியபோது குடிவரவு அதிகாரி இரண்டையும் இடம் மாற்றி, ஆங்கிலத்தில் ஒரு எழுத்தையும் விழுங்கிவிட்டார். காணி உறுதியில் மூன்றாவது விதம். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து, கிராம சேவகரிடம் ஒப்பம் வாங்கி, பிரதேச செயலகத்தில் நின்று... ஒரு முழு விடுமுறை இதிலேயே போய்விடும். உடம்பில் பலம் இருக்கிறபோது செய்யுங்கள்.

*

காணி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. பெற்றோர் வழியில் வருகிற முதுசமும் வரலாம். வெளிநாட்டவர் வாங்கக்கூடியது மாடிக் குடியிருப்பு.

இருக்கிற காணியைக் காப்பாற்றுவது வேறு கதை. பத்து வருடம் தொடர்ந்து, உரிமைக்காரனுக்கு எதிராக, தன்னுடையதுபோல ஆண்டால் ஆட்சியுரிமை கேட்கலாம். போரால் போகமுடியாமல் இருந்தவர்களுக்காக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்து, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. 2009க்குப் பிறகு ஓடிய வருடங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வளவைப் பார்க்க ஒரு குடும்பத்தை இருத்தியிருக்கிறீர்களா? அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், உங்கள் அனுமதியோடுதான் இருக்கிறார்கள் என்று ஒரு கடதாசி எழுதி ஒப்பம் வையுங்கள். "சொந்தக்காரர், கடதாசி கேட்டால் கோவிப்பினம்." கோவிக்கட்டும். இப்போது கோவித்தால் ஒரு மாதத்தில் மாறும். பிறகென்றால் யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் உங்கள் பேரப்பிள்ளை வந்து நிற்கவேண்டி வரும்.

இன்னொன்று: யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் வருகிற மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதென்றால் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். இங்கே பிரிந்து வாழ்ந்து, பேச்சுவார்த்தையே இல்லாத கணவனிடம் ஒப்பம் கேட்டு அலைகிற பெண்களை எனக்குத் தெரியும். அவளுடைய தாய் தகப்பன் கொடுத்த காணி அது. நூறு வருடம் தாண்டியும் இதை மாற்ற யாருக்கும் அவசரம் வரவில்லை.

அற்றோர்ணி தத்துவம் கொடுப்பதென்றால் எந்தக் காணிக்கு, எந்த வேலைக்கு என்று குறித்துக் கொடுங்கள். முழு அதிகாரம் எவருக்கும் வேண்டாம்.

*

வலிகாமத்தில் ஒரு கிராமம். ஒழுங்கையின் முடக்கில் இரண்டு மாடி வீடு. மதிலில் கிரானைட், கேற்றில் சிங்கமுகம், உள்ளே முகம் தெரிகிற மாபிள் நிலம். படுக்கையறைகள் எல்லாம் மேலே. கீழே ஹோலும் சாமியறையும் குசினியும்தான். உரிமையாளருக்கு எழுபது கடந்துவிட்டது, முழங்காலில் சத்திரசிகிச்சை. திருவிழாவுக்கு வந்தால் ஹோலில் கட்டிலைப் போட்டுப் படுக்கிறார். குளிக்கும் அறை பின்பக்கம், இரண்டு படி இறங்க வேண்டும். ஈரக்காலோடு அந்த மாபிளில் நடக்கிறபோது மனைவி பின்னால் கையைப் பிடித்துக்கொண்டே போகிறார். மற்றப் பத்து மாதமும் அந்த வீட்டில் இருப்பது காவலுக்கு நிற்கும் குடும்பம், அதுவும் பின்னுக்கு உள்ள ஒற்றை அறையில்.

இந்த வீட்டை அவர் ஐம்பது வயதில் கட்டினார். ஐம்பது வயதுக்காரனுடைய வீடு அது, ஊருக்குக் காட்டக் கட்டியது. வயதானவருக்கு வேண்டியது ஒரே தளம், படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை, வழுக்காத தரை, சுவரில் பிடி, சக்கர நாற்காலி போகக்கூடிய கதவு. இதற்கு அரைவாசிச் செலவும் வராது. இதைச் சொன்னால், "அப்ப சனம் என்ன சொல்லும்?" என்கிறார்கள்.

*

தண்ணீர். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழைநீர் தேங்கி, உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கிணறுகளில் வருவது அதுதான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உவர் மேலே வரும். துலா மிதித்த காலத்தில் அளவு தானாகவே அமைந்தது. மோட்டர் வந்தபின் அளவு போய்விட்டது. தோட்டத்து உரத்தாலும் மலக்குழியாலும் நைத்திரேற்று ஏறியிருக்கிறது. சுன்னாகத்தில் மின்நிலையப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை எல்லோரும் அறிவோம். "எங்கட கிணறு நல்ல தண்ணி" என்பது உங்கள் அம்மா காலத்துச் செய்தி. வீட்டைத் திருத்த முதல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பக்கத்து வளவில் புதிதாக எங்கே மலக்குழி வெட்டியிருக்கிறார்கள் என்பதையும் வேலிக்கு மேலால் ஒருக்கா எட்டிப் பாருங்கள்.

*

எந்த ஆறு மாதம்? குளிருக்குத் தப்புகிறவர்கள் கார்த்திகையில் போய் இறங்குகிறார்கள். அது மாரி. வெள்ளம் நிற்கும், நுளம்பு பெருகும். யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறுவது மார்கழி, தை மாதங்களில்தான். தை பிறந்து மழை விட்டபின் பங்குனி வரை நல்ல காலம். சித்திரை, வைகாசி வெயில் வயதானவருக்கு ஆகாது. என் அபிப்பிராயம்: தைப்பொங்கலுக்கு முன்பின்னாகப் போய் சித்திரை வருடப் பிறப்போடு திரும்பினால் போதும். ஆறு மாதம் தேவையில்லை, மூன்று மாதமே தாராளம். நல்லூரை நேரலையில் பார்க்கலாம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள், அதனால் சொல்லவில்லை.

*

ஆஸ்பத்திரி. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் நல்ல டொக்டர்மார் இருக்கிறார்கள், காசு கேட்கமாட்டார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய்க்கு வைத்தியம் இருக்கிறது. 1990 என்று அடித்தால் அம்புலன்ஸ் வரும். இந்திய உதவியில் தொடங்கிய அந்தச் சேவை 2018இல் வடக்குக்கு வந்தது. வந்த பிறகு ஊரில் பெரிய மாற்றம் அது. முந்தி வாகனம் உள்ள வீட்டைத் தேடி ஓடவேண்டும்.

ஆனால் வார்ட்டில் படுத்தால் பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும். சாப்பாடு கொண்டுவர ஒருவர், மருந்துத் துண்டோடு வெளியே பாமசிக்கு ஓட ஒருவர், இரவில் கதிரையில் இருக்க ஒருவர். கனடாவில் நேர்ஸ் செய்வதை அங்கே குடும்பம் செய்கிறது. உங்கள் குடும்பம் எங்கே? மார்க்கத்திலும் பிரம்டனிலும். மருமக்கள் லண்டனில். ஊரில் இருக்கும் இளம் ஆட்களும் முகவரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். காசு கொடுத்தால் பார்க்க ஆள் கிடைக்கும், நல்ல ஆளும் கிடைக்கும், ஆனால் நிலைத்து நிற்கிற ஆள் கிடைப்பது கடினம். போகிற இடத்தில் சொந்தமோ அயலோ இரண்டு வீடாவது உரிமையோடு கதவைத் தட்டக்கூடியதாக இல்லையென்றால், நான் ஒருவரையும் தனியே போகச் சொல்லமாட்டேன்.

*

பெண்கள் மேசை.

"இஞ்சருங்கோ, நீங்கள் போறதெண்டால் போங்கோ. நான் பிள்ளையளோடை நிக்கிறன்." இதைப் பகிடியாகச் சொல்வதாகவே ஆண்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பகிடி இல்லை. அவருக்கு ஊர் என்றால் சந்தி, வாசிகசாலை, தேத்தண்ணிக் கடை, கோயில் வீதியில் காற்று வாங்கிக்கொண்டு அரசியல் கதை. அவளுக்கு ஊர் என்றால் மூன்று நேரச் சமையல், வருகிறவர் போகிறவருக்குத் தேத்தண்ணி, முற்றம் கூட்டல், "ஏன் இன்னும் மூத்தவனுக்குப் பேசேல்லை?" என்ற கேள்வி. இங்கே அவளுக்கு பஸ் பாஸ் இருக்கிறது, சீனியர் சங்கத்தில் சிநேகிதிகள் இருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை பேரன் வருவான். இரண்டு பேரும் ஒரே கனவைக் காண்கிறார்கள் என்று நினைத்துக் காணி திருத்தத் தொடங்காதீர்கள். தனித்தனியே ஒரு கடதாசியில், ஊரில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை என்ன செய்வீர்கள் என்று எழுதிப் பாருங்கள்.

*

காசு. 2022இல் ஒரு அமெரிக்க டொலர் இருநூறு ரூபாவிலிருந்து சில வாரங்களில் முந்நூற்று அறுபது வரை ஓடியது. அந்த வருடக் கடைசியில் நிலையான வைப்புக்கு இருபது வீதத்துக்கு மேல் வட்டி என்றதும் இங்கேயிருந்து கொண்டுபோய்ப் போட்டவர்கள் உண்டு. பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்ட வருடம் அது. டொலரை டொலராகவே வைத்திருங்கள், மாதச் செலவுக்கு மட்டும் மாற்றுங்கள்.

கனடா போன் நம்பரை வெட்டிவிடாதீர்கள். வங்கிக்கும் வரிக் கணக்குக்கும் போகும் இரகசிய இலக்கம் அந்த நம்பருக்குத்தான் வரும். ஆகக் குறைந்த பிளானில் ரோமிங்கோடு வைத்திருந்தால் போதும். இது சின்ன விசயம், இதனாலேயே தன் காசைத் தானே எடுக்கமுடியாமல் கொடிகாமத்தில் இருந்து மகளுக்கு அழுதவர் உண்டு.

*

திரும்பி வருவதற்கான திட்டமும் போகும் திட்டத்துக்குள்ளேயே இருக்கவேண்டும். இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். அறுபத்தைந்திலிருந்து எழுபத்தைந்து வரை ஊர் நன்றாக இருக்கும். எண்பதில் மறதி தொடங்கியபின், அல்லது இரண்டில் ஒருவர் போனபின், பிள்ளைகள் இருக்கும் இடம்தான் சரிவரும். அப்போது திரும்பி வர இங்கே ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். ஸ்காபரோ வீட்டை விற்று முழுக்காசையும் அங்கே கட்டிடமாக நிறுத்திவிட்டால், பிறகு இங்கே ஒரு அறை வாடகைக்கு எடுக்கக்கூட அந்தக் கட்டிடத்தை யாராவது வாங்கவேண்டும். இரண்டு மாடி வீட்டை யாழ்ப்பாணத்தில் வாங்கக்கூடியவர் இன்னொரு வெளிநாட்டுக்காரர். அவருடைய பிள்ளைகளும் வரப்போவதில்லை. வீடு பெரிதென்றால் விற்றுச் சின்னக் கொண்டோ ஒன்றை எடுங்கள். மாதக் கட்டணம் உறுத்தும், உறுத்தட்டும்.

மரணசாதனம் இரண்டு நாட்டுச் சொத்துக்கும் தனித்தனியே எழுதுங்கள், ஒன்று மற்றதை ரத்துச் செய்யாதபடி வழக்கறிஞரைக் கொண்டு. செத்தவீட்டை எங்கே வைப்பது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து சேர அவர்களுக்கு இரண்டு நாள் வேண்டும். ஊரில் அன்றைக்கே எடுக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள்.

*

முதல் தடவை கட்டவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். வாடகைக்கு எடுங்கள். திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் என்றால் பெரியாஸ்பத்திரி கிட்ட, சந்தை கிட்ட, பஸ் ஓடும் வீதி. சொந்தக் கிராமத்துக்கு ஓட்டோவில் காலையில் போய் மத்தியானம் திரும்பலாம். ஒரு முழு மாரியும் ஒரு வெயில் மாதமும் அந்த வாடகை வீட்டில் இருந்து பார்த்தபின் வளவைப் பற்றி யோசியுங்கள். கீழ்த்தளமாகப் பாருங்கள். வெளிநாட்டுக்காரர் என்று கண்டால் முற்பணம் கூடக் கேட்பார்கள். ஊரில் உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் அவரைக் கதைக்க விட்டால் குறையும்.